எலும்பை முறித்தமைக்கு நன்றி

மனிதன் இரண்டு காலில் எழுந்து நின்ற நாளிலிருந்து இன்றுவரை, அவன் முதுகெலும்பைப் பற்றி எடுக்கப்பட்ட முடிவுகளில் தலைசிறந்தது எங்கள் குருமிஹாரா நகராட்சியின் இரண்டாம் மாடியில்தான் எடுக்கப்பட்டது. மதியச் சாப்பாடு முடிந்து, பாதிப் பேர் கண்ணயர்ந்திருந்த நேரம். நான் கண்ணயராத பாதியில் இருந்தேன். எலும்புநலத் துணைப்பிரிவின் தலைவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கடமை இருந்தது. துணைப்பிரிவில் என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது என்பதால் தலைமை தாங்குவதில் எனக்குச் சிரமம் இருந்ததே இல்லை.

எங்கள் ஊரில் ஐம்பது தாண்டிய பெண்கள்தான் அதிகம். காக்கைகள்கூட அடுத்தபடிதான். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்ணுக்கு எலும்பு உள்ளுக்குள் கரையத் தொடங்கும் என்பதும், அது வலிக்காமல், சொல்லாமல், கொள்ளாமல் நடக்கும் என்பதும், கடைசியில் ஒரு தும்மலுக்கு முறிந்துவிடும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இதற்காக எங்களிடம் முன்பு ஒரு படவண்டி இருந்தது. வெள்ளை நிறம். ஊர் ஊராகப் போகும். பெண்கள் ஏறிப் படுத்தால், மேலே ஒரு கை மெல்ல நகர்ந்து இடுப்பையும் முதுகையும் படம் பிடித்து, எலும்பில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடும்.

அந்த வண்டியிடம் ஒரு பெரிய குறை இருந்தது. அது உண்மையைச் சொன்னது. விளைவாக, மாகாணத்தின் எலும்புநலப் பட்டியலில் எங்கள் ஊர் வருடம் தவறாமல் கடைசியில் நின்றது. மேயர் ஒகுதாய்ரா மானஸ்தர். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஷுன்சாகு, படவண்டி போகாத ஊர்ல எல்லாம் எலும்பு நல்லா இருக்கு. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேங்க ஐயா."

"அப்ப வியாதி எங்கேருந்து வருது?"

"வண்டியிலேருந்துங்க ஐயா."

"நீங்க மேல வர வேண்டிய ஆளு" என்றார்.

இப்படித்தான் அறிவியல் முன்னேறுகிறது. பிரச்சினையின் வேரைப் பிடித்துவிட்டால் தீர்வு தானாக வாசலில் வந்து நிற்கும். எங்களுக்கு அது 'தெளிதுளி' நிறுவனத்தின் பிரதிநிதி நிஜிமுரா வடிவில் வந்து நின்றது. இளைஞர். அவர் குனிந்து வணங்கியதைப் பார்த்தாலே கையெழுத்துப் போட்டுவிடத் தோன்றும். அவ்வளவு அளவெடுத்த குனிவு.

கூட்டத்தில் அவர் விளக்கினார். எலும்பு கரையும்போது அதன் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றனவாம். எலும்பை அரிக்கும் வேலையில் இருக்கும் உயிரணுக்களும் தங்கள் அடையாளத்தை ரத்தத்தில் விட்டுவிட்டுப் போகின்றனவாம். இவற்றுக்குக் 'குறிகாட்டிகள்' என்று பெயர். ஒரு துளி ரத்தம் எடுத்து இவற்றை அளந்தால் போதும். அளவு குறைவாக இருந்தால் தாளில் பச்சை வட்டம், நடுத்தரத்துக்கு மஞ்சள், கூடினால் சிவப்பு.

"படுக்க வேணாம், சட்டையைத் தளர்த்த வேணாம், வண்டி வேணாம்" என்றார் நிஜிமுரா. "ஒரு துளி. முதுகெலும்போட வரலாறே அதுக்குள்ள இருக்கு."

கண்ணயர்ந்த பாதியும் விழித்துக்கொண்டு கை தட்டியது. அப்போதுதான் மூலையிலிருந்து செரிசாவா டாக்டரம்மா கை தூக்கினார். ஊரில் எலும்புக்கென்று இருக்கும் ஒரே மருத்துவர் அவர். நல்ல மருத்துவர்தான், கூட்டத்தில் கேள்வி கேட்கும் கெட்ட பழக்கம் மட்டும் உண்டு.

"இந்தச் சோதனை எலும்பு இப்ப எவ்வளவு வேகமாக் கரையுதுன்னு சொல்லும். சரி. எவ்வளவு மிச்சம் இருக்குன்னு சொல்லுமா?"

"வேகம் தெரிஞ்சா மிச்சம் தெரியாதாங்க?" என்றார் நிஜிமுரா.

"தெரியாது. வீட்டுக்குள்ள இப்ப திருடன் இருக்கானான்னுதான் இது சொல்லும். சாமான் மிச்சம் இருக்கான்னு சொல்லாது. நிறையப் பேர் வீட்டுல திருடன் எப்பவோ வந்து எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிட்டான். இப்ப வீடு அமைதியா இருக்கு. ரத்தமும் அமைதியாத்தான் இருக்கும். அதுக்காகப் பச்சை வட்டம் போட்டு வாழ்த்துச் சொல்லுவீங்களா?"

"நம்ம ஊர்ல திருட்டு ரொம்பக் குறைவு டாக்டரம்மா" என்றார் மேயர்.

"நான் சோதனையே கூடாதுன்னு சொல்லல ஐயா. ஒருத்தருக்கு மருந்து குடுத்தா அது வேலை செய்யுதான்னு பாக்க இது அருமையான சோதனை. ஆனா நோயாளியக் கண்டுபிடிக்க இதை மட்டும் நம்பாதீங்க. வண்டிய வெச்சுக்கோங்க. முடியலன்னா எனக்கு ஒரு அளவுநாடாவாவது குடுங்க. வருஷா வருஷம் உயரத்தை அளந்து பாக்குறேன். குள்ளமாகுறவங்க முதுகுல முறிவு இருக்கும்."

மேயர் அவரைப் பரிவுடன் பார்த்தார். "டாக்டரம்மா, அளவுநாடாவ வெச்சுக்கிட்டு ஒரு விழா நடத்த முடியுமா?"

கூட்டக் குறிப்பில் நான் இப்படி எழுதினேன்: 'டாக்டர் செரிசாவா கொள்கையளவில் ஒப்புதல் தெரிவித்தார். ஊரில் நடமாடும் திருடர்கள் குறித்தும் கவலை தெரிவித்தார். உரிய துறைக்கு அனுப்பப்பட்டது.' எங்கள் நகராட்சியில் எந்தக் கருத்தும் வீணாவதில்லை. அடுத்த வாரமே ஒரு போலீஸ்காரர் டாக்டரம்மாவின் மருத்துவமனைக்குப் போய், என்னென்ன சாமான் களவு போயிற்று என்று பொறுமையாக விசாரித்துவிட்டு வந்தார்.

படவண்டியை விற்றோம். பக்கத்து ஊரில் இப்போது அதற்குள் ஆக்டோபஸ் உருண்டை சுட்டு விற்கிறார்கள். எலும்பே இல்லாத பிராணி. வண்டிக்கும் நிம்மதி.

பிறகு நடந்ததை அற்புதம் என்றுதான் சொல்ல வேண்டும். ஊர்ப் பெண்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு துளி கொடுத்தார்கள். பச்சை, பச்சை, பச்சை. எங்கோ ஒரு மஞ்சள். படம் எடுப்பதை நிறுத்தியதும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் எலும்பு நோயாளிகளின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. உலகத்தில் எத்தனையோ நாடுகள் எத்தனையோ நோய்களை ஒழிக்கப் படாத பாடு படுகின்றன. பார்ப்பதை நிறுத்திப் பார்க்கலாம் என்று அவற்றுக்குத் தோன்றவில்லை. அந்த ஆண்டு பட்டியலில் நாங்கள் முதலிடத்துக்கு வந்தோம்.

ஊரிலேயே மிகச் சிறந்த ரத்தம் யாருடையது என்று பார்த்தால், என் அக்கா தோமியேவினுடையது. அறுபத்தொன்பது வயது. குறிகாட்டி இருக்கிறதா இல்லையா என்று கருவியே தயங்கும் அளவுக்குக் குறைவு. செய்தியைச் சொல்ல நானே நேரில் போனேன். தக்காளி போலிருக்கும் சீமைப் பனிச்சைப் பழங்களைக் காயப்போடும் பருவம். தோல் சீவிய பழங்களைக் கயிற்றில் கோத்து வைத்துவிட்டு, அவற்றைத் தொங்கவிடும் கம்பை எட்டுவதற்காகக் கூரையிறப்பின் கீழே முக்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள் அக்கா.

"டேய் ஷுன், இந்தக் கம்பை எவன்டா மேல தூக்கிக் கட்டினது?"

"யாரும் கட்டலயே அக்கா. மாமா இருந்தப்ப அடிச்ச ஆணிதானே அது."

"போன வருஷம் சும்மா நின்னு கைய நீட்டினாலே எட்டும். இப்ப முக்காலி போட்டாலும் எட்டமாட்டேங்குது. வீடு வளருதாடா?"

"மரவீடுதானே. குளிருக்கு அப்படி இப்படி ஆகும்."

"வீடு வளருதோ, நான் குறையறேனோ. உடுப்பெல்லாம் தரையில இழுபடுது. நடு முதுகுல ஆணி இறக்கின மாதிரி ஒரு வலி. குனிஞ்சு பழம் எடுத்தா உயிர் போகுது."

இங்கே ஒரு சாதாரண ஆள் பதறியிருப்பான். நான் அதிகாரி. பையிலிருந்து தாளை எடுத்துப் பச்சை வட்டத்தைக் காட்டினேன்.

"பாரு அக்கா. ஊர்லயே உன் ரத்தம்தான் முதல்."

"ரத்தம் நல்லா இருக்கட்டும்டா. முதுகு?"

"முதுகப் பத்தின தகவல் ரத்தத்துல வந்துடும்."

"வலிக்குதுன்னு தகவல் வரலயா?"

"அதுக்குக் கட்டம் இல்ல அக்கா."

அவள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "படவண்டி எப்ப வரும்?"

"வித்தாச்சு."

"சரி, அப்ப நாளைக்கு செரிசாவா டாக்டரம்மாகிட்ட போயி ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வந்துடறேன்."

இந்த இடத்தில்தான் என் நிர்வாகத் திறமைக்கு வேலை வந்தது. அக்காவை 'எலும்பரசி'யாகத் தேர்ந்தெடுத்திருந்தோம். முதலிடம் வந்ததைக் கொண்டாடும் விழாவில் மேயர் கையால் சான்றிதழ். பத்திரிகைக்காரர் வருகிறார். பட்டம் வாங்கப் போகிறவள் எலும்பு மருத்துவர் வாசலில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், ஒரு துளி ரத்தத்தின் மேல் ஊர் வைத்த நம்பிக்கை என்ன ஆவது? என் பதவி உயர்வு என்ன ஆவது? இரண்டையும் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"விழா முடியட்டும் அக்கா. அப்புறம் நானே கூட்டிட்டுப் போறேன்."

அக்கா முக்காலியிலிருந்து பக்கவாட்டில், சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"அம்மா வயல்ல இருந்தப்ப உன்ன முதுகுல கட்டிக்கிட்டே ஸ்கூலுக்குப் போனவடா நான். நீ அப்பவே கனம். இன்னும் கொஞ்ச நாள் சுமந்தா என்ன ஆயிடப் போகுது, போ." பிறகு ஒரு பழத்தை எடுத்து என் கையில் திணித்தாள். "கம்புல மட்டும் இதையெல்லாம் கட்டிட்டுப் போ. எனக்கு எட்டல."

நான் கட்டவில்லை. எனக்கு ஒரு கூட்டம் இருந்தது.

அந்தக் கூட்டம் சான்றிதழைப் பற்றியது. எங்கள் ஜப்பானிய மொழியில் ஒருவர் நமக்காகப் பாடுபட்டால், 'எலும்பை முறித்தார்' என்றுதான் மரியாதையாகச் சொல்வோம். சாலை போட்டவருக்கும், பள்ளிக்குப் பியானோ கொடுத்தவருக்கும், மேயரின் நாய் காணாமல் போனபோது தேடித் தந்தவருக்கும் ஒரே வாசகம்தான்: 'ஊருக்காகத் தம் எலும்பை முறித்தமைக்கு நன்றி.' எனக்கு ஒரு சிறு தயக்கம் வந்தது.

"ஐயா, இது எலும்பு விழா. இதுல போயி எலும்பை முறிச்சதுக்கு நன்றின்னு போட்டா..."

"வாசகம் எழுதினது யாரு?" என்றார் மேயர்.

"உங்க தாத்தாங்க ஐயா. அவர் மேயரா இருந்தப்ப."

"அதுல ஏதாவது தப்பு இருக்கா?"

"ஒரு தப்பும் இல்லீங்க ஐயா. யோசிச்சுப் பாத்தா விழாவுக்கு ரொம்பப் பொருத்தமாக்கூட இருக்கு."

நிஜிமுரா உணர்ச்சிவசப்பட்டுக் குனிந்து வணங்கினார். வாசகம் ஏகமனதாக நிறைவேறியது.

விழாவுக்கு ஒரு பொம்மையும் தயாராயிற்று. எந்த ஊருக்கும் இப்போது ஒரு பொம்மை வேண்டும். எங்களுடையதன் பெயர் ஹோனேமாரு. ஹோனே என்றால் எலும்பு, மாரு என்பது செல்லத்துக்கு. ஆள் உயர வெள்ளை எலும்பு, மேலே பூசணிக்காய் பருமனில் சிரிக்கும் தலை. உள்ளே யார் புகுவது என்ற கேள்வி எழுந்தபோது, எலும்புநலத் துணைப்பிரிவின் ஊழியர்கள் அனைவரும், அதாவது நான், என்னை ஒருமனதாகப் பரிந்துரைத்தேன். பொம்மைக்கான விதிகளையும் நானே எழுதியிருந்தேன். முதல் விதி: 'ஹோனேமாரு எந்தச் சூழ்நிலையிலும் பேசாது. பேசினால் குழந்தைகளின் நம்பிக்கை முறியும்.'

விழா நாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. அக்கா ஊதா நிற கிமோனோ உடுத்தி, இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தாள். மேடைக்குப் பின்னால் என் பொம்மைத் தலையைத் தட்டி, "உள்ள நீயாடா? பட்டைய இறுக்கினா வலி கொஞ்சம் தேவலை" என்றாள். விதிப்படி நான் பதில் சொல்லவில்லை.

மேயர் படித்தார். அவர் குரல் அன்று தாத்தாவின் குரலாகவே ஒலித்ததாகப் பெரியவர்கள் சொன்னார்கள். "ஊருக்காகத் தம் எலும்பை முறித்த தோமியே அம்மையாருக்கு, நகராட்சியின் சார்பில் மனமார்ந்த நன்றி!"

அக்கா இரண்டு கைகளாலும் சான்றிதழை வாங்கினாள். வாங்கிக்கொண்டு, முறைப்படி, இடுப்பிலிருந்து ஆழமாகக் குனிந்தாள்.

நிமிரவில்லை.

மேயரும் பதிலுக்குக் குனிந்திருந்தார். கடைக்கண்ணால் பார்த்தார். விருது பெற்ற மூத்த பெண்மணி இன்னும் குனிந்திருக்கும்போது தான் முதலில் நிமிர்ந்தால் அது என்ன மரியாதை? இன்னும் கொஞ்சம் குனிந்தார். மேயர் குனிந்ததைப் பார்த்து மேடையில் இருந்தவர்கள் குனிந்தார்கள். மேடை குனிந்ததைப் பார்த்து மண்டபமே எழுந்து நின்று குனிந்தது. எல்லாரையும்விடத் தாழ்வாக நிஜிமுரா. அவர் நெற்றிக்கும் தரைக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

நான் மட்டும் நிமிர்ந்து நின்றேன். பொம்மையின் தலை கனம், குனிந்தால் கழன்றுவிடும். ஆகவே அந்தப் பெரிய மண்டபத்தில் அக்காவின் முகத்தைப் பார்க்க முடிந்தவன் நான் ஒருவன்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. விரல்கள் சான்றிதழைக் கசக்கிப் பிடித்திருந்தன. உதடு மட்டும் அசைந்தது.

"ஷுன்... ஷுன்..."

அருகே, குனிந்தபடியே, மேயரும் நிஜிமுராவும் கிசுகிசுத்தார்கள்.

"இன்னும் நிமிரலயா?"

"இல்லீங்க ஐயா."

"என்ன பணிவு பாத்தீங்களா! இந்தக் காலத்துல யாருக்கு வரும்?"

"பச்சை வட்டம்ங்க ஐயா. அந்த முதுகு எவ்வளவு நேரம் வேணும்னாலும் தாங்கும்."

நான் கையை ஆட்டினேன். பொம்மையின் கை தலையணை மாதிரி இருக்கும். முன்வரிசைக் குழந்தைகள் சிரித்து, தாங்களும் கையை ஆட்டின. குதித்துக் காட்டினேன். கை தட்டின. விதியை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். விலக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். எழுதியவன் நான்தான். ஓர் ஓட்டைகூட இல்லாமல் எழுதித் தொலைத்திருந்தேன். அக்காவின் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்தது. அதையும் ஒரு துளி என்றுதான் சொல்ல வேண்டும். முதுகெலும்பின் வரலாறு அதில் இருந்தது.

"அக்கா!" என்று கத்தினேன். "யாராவது பிடிங்கய்யா! அவ வணங்கல! முதுகு ஒடிஞ்சு நிக்கிறா!"

மண்டபத்தில் யாருக்கும் புரியவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை, "எலும்பு பேசுது!" என்று வீறிட்டது. மற்ற குழந்தைகளும் அழத் தொடங்கின. கடைசி வரிசையிலிருந்து செரிசாவா டாக்டரம்மா, குனிந்திருந்த முதுகுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். அவர் வந்து தாங்கிப் பிடித்த பிறகுதான் மேயர் நிமிர்ந்தார்.

மறுநாள் பத்திரிகையில் 'ஒரு மண்டபமே தலைவணங்கிய தருணம்' என்று வந்தது. நகராட்சி உடனடியாக விசாரணைக் குழு அமைத்தது. குழு பலமுறை கூடி, பொம்மை பேசியது ஏன் என்பதைத் தீர விசாரித்து, எனக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுத்தது. முறிந்தது பற்றியும் விசாரித்தார்கள். குழந்தைகளின் நம்பிக்கையைத்தான் சொல்கிறேன்.

விழாவுக்கு மறுநாளே டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டியிருந்தார். "இது புதுசு. நேத்து மேடையில ஆனது. இதுவும் இதுவும் பழசு. என்னைக்கு ஆச்சுன்னு அவங்களுக்கே தெரியாது. வலின்னு மட்டும் தெரியும்."

"ரத்தம் நல்லா இருந்ததே டாக்டரம்மா."

"திருடன் போயி ரொம்ப நாளாச்சு ஷுன்சாகு. வீடு காலி." அவர் விளக்கை அணைத்தார். "கம்பு எட்டலன்னு சொன்னாங்களாமே. அன்னைக்கே வந்திருந்தா இந்த மூணாவதைத் தடுக்கப் பாத்திருக்கலாம். யாரோ விழா முடியட்டும்னு சொன்னாங்களாம். யாருன்னு கேட்டேன், சொல்லமாட்டேங்குறாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பேசக்கூடாது என்ற விதி பொம்மைக்குத்தான், ஆனாலும் பழகிவிட்டது.

சில வாரங்கள் கழித்து நிஜிமுரா மருத்துவமனைக்கே வந்து, அக்காவின் படுக்கையருகில் குனிந்து வணங்கி, மறுபடி ஒரு துளி எடுத்துப் போனார். முடிவு வந்தது. சிவப்பு. அவர் கேக் பெட்டியோடு மேயரின் அறைக்குள் ஓடிவந்தார்.

"கண்டுபிடிச்சுடுச்சுங்க ஐயா! நம்ம சோதனை கண்டுபிடிச்சுடுச்சு!"

அன்று ஏதோ கையெழுத்துக்காக வந்திருந்த டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "எலும்பு முறிஞ்சா அது ஆறுற வரைக்கும் இந்த எண் ஏறித்தாங்க இருக்கும். முறிஞ்சது ஊருக்கே தெரியும். பேப்பர்லயே வந்துச்சு."

"இருக்கட்டும் டாக்டரம்மா" என்றார் மேயர், கேக்கை வெட்டியபடி. "ரத்தத்துக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க. ஒளிக்காம சொல்லியிருக்கு பாருங்க. ஷுன்சாகு, அடுத்த வருஷ வாசகம் எழுதிக்கோங்க: 'முறிந்தால், ஒரு துளி தவறாமல் சொல்லும்.'"

எழுதிக்கொண்டேன். அருமையான வாசகம். சொல்லப்போனால், எந்தச் சோதனையும் இதைவிட நம்பகமாக இருக்க முடியாது.

கசங்கிப்போன சான்றிதழை நானே வீட்டில் இஸ்திரி போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி, மருத்துவமனைக்கு அக்காவிடம் எடுத்துப் போனேன். மார்பிலிருந்து இடுப்புவரை கட்டு. இனி முக்காலி ஏறக்கூடாது, பழக்கூடை தூக்கக்கூடாது, குனியக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பனிச்சைப் பழங்கள் கட்ட ஆளில்லாமல் கூடையிலேயே அழுகி, காக்கைகளுக்குப் போய்விட்டிருந்தன. அவள் அதைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். ஜன்னலைப் பார்த்தபடி அழுதாள். அந்தப் பழங்களுக்காக அவள் அழுதது எனக்குப் பொறுக்கவில்லை. சட்டத்தை எடுத்து நீட்டினேன்.

"மேயர் குடுத்து அனுப்பினார் அக்கா. கட்டில் மேல மாட்டிடவா?"

அவள் அதை மார்பின் மேல் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். ஊருக்காக. தம் எலும்பை. முறித்த. ஒவ்வொரு சொல்லாக.

"ஷுன், இதுல ஒரு தப்பு இருக்குடா."

"எங்க அக்கா? சரிபாத்துத்தானே அச்சடிச்சோம்."

"எலும்பை முறிச்சவங்க பேரு இருக்க வேண்டிய இடத்துல என் பேரைப் போட்டிருக்கீங்க." சட்டத்தைத் திருப்பி என் கையில் வைத்தாள். "எலும்பு என்னோடது. முறிச்சது நான் இல்ல. உன் பேரைப் போட்டு நீயே மாட்டிக்கோ."

எங்கள் நகராட்சியில் பிழை சுட்டிக்காட்டப்பட்டால் உடனே திருத்துவோம். பெயரை மாற்றினேன், 'தம்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டேன். இப்போது அது அலுவலகத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது: 'ஊருக்காக எலும்பை முறித்த ஷுன்சாகு அவர்களுக்கு மனமார்ந்த நன்றி.' வருகிறவர்கள் எல்லாரும் அதை வாசித்துவிட்டு எனக்குக் குனிந்து வணங்குகிறார்கள். நான் மறுப்பதில்லை. மூன்று தலைமுறையாக நாங்கள் கொடுத்துவரும் சான்றிதழ்களில், சொல்லுக்குச் சொல் உண்மையானது அது ஒன்றுதான்.